கேமராவில் விழாத நாலு பாயிண்ட்

மகளிர் கபடி லீக்கின் இறுதிப் போட்டிக்கு அடித்த போஸ்டரில் கபடி ஆடுகிறவர்களைத் தவிர மற்ற எல்லாரும் இருந்தார்கள். தலைவர், செயலாளர், நான்கு துணைச் செயலாளர்கள், கோப்பை தருகிறவர், பந்தல் தருகிறவர், தண்ணீர் கேன் தருகிறவர் என்று வட்ட வட்டமாகப் பதினேழு முகங்கள். அடியில் ஒரு மூலையில் தீப்பெட்டிப் படம் அளவுக்கு ஒரு பெண் காலை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளாவது நம் பக்கத்துப் பெண்ணா என்றால் அதுவும் இல்லை. யாரோ இணையத்திலிருந்து பிடித்துப் போட்ட வேற்று நாட்டு வீராங்கனை.

ஸ்ரீமதி போனில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பாய், ஃபைனல் ஆடப்போறது குமராட்சியும் கம்மாபுரமும். அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தி மூஞ்சிகூட இதுல இல்லியே?”

கபடிச் சங்கச் செயலாளர் ரஃபியுதீன் கடலூர் செம்மண்டலத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடை மாடிதான் சங்க அலுவலகம். நல்ல மனிதர், போட்டி என்றால் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வருவார். ஆனால் போன மாதம் சென்னையில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஆளே மாறிப்போயிருந்தார். விளையாட்டுச் சங்கங்கள் சமூக ஊடகத்தில் ரசிகர்களை எப்படிப் பிடித்து வைப்பது என்று அங்கே பாடம் நடத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் என்கேஜ்மென்ட்தான்.

“என்னம்மா நீ, அந்தப் பதினேழு பேரும் ஷேர் பண்ணுவாங்க இல்ல? அவுங்க சொந்தக்காரங்க, ஃப்ரெண்டுங்க, துபாய்ல இருக்கிற மச்சானுங்க, எல்லாரும் லைக் போடுவாங்க. பொண்ணுங்க மூஞ்சியப் போட்டா அவுங்க வூட்டுக்காரங்க மட்டும்தான் பாப்பாங்க.”

“கபடி பாக்குறவங்க பாக்க மாட்டாங்களா?”

“அவுங்க எப்படியும் வந்துடுவாங்கம்மா.”

இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது? முந்தின வாரம் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு வாக்கெடுப்பு வைக்கச் சொன்னார். கேள்வி: துவக்க விழாவில் செயலாளர் உரை எப்படி இருந்தது? விடைகள்: அருமை, மிக அருமை. ஸ்ரீமதி பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் போட்டாள். சங்கத்தின் பக்கம், யூடியூப் சேனல், வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவள்தான். பொறுப்பு என்றால் பெரிய பதவி ஒன்றும் இல்லை. டைல்ஸ் கடைத் தெருவிலேயே இ-சேவை மையம் நடத்துகிறாள், கல்லூரிக் காலத்தில் கபடி ஆடியிருக்கிறாள், பாஸ்வேர்டு மறக்காத ஆள் சங்கத்தில் அவள் ஒருத்திதான்.

இத்தனை எரிச்சலையும் அவள் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் கயல்விழி. ஸ்ரீமதியின் வீட்டுக்காரருடைய தங்கை, குமராட்சி அணியில் பாடிப் போகிற ரெய்டர். இருபத்தோரு வயது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக் கடையில் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே புடவை மடிக்கிறாள். விடியற்காலையில் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ஓசூர்ப் பக்கம் ஒரு தனியார் கம்பெனி மகளிர் அணி நடத்துகிறது. தங்க இடம், சாப்பாடு, மாதச் சம்பளம், மூன்று வருஷம் ஆடினால் கம்பெனியிலேயே வேலை. இருபத்தோரு வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

அந்த அணியின் கோச் சபாபதியிடம் ஸ்ரீமதி நான்கு முறை போனில் பேசியிருந்தாள். நேரில் வர அவரால் முடியாது, அவருடைய அணிக்கு அதே நாளில் வெளியூரில் ஆட்டம்.

“செமி ஃபைனல் வீடியோ பாத்தீங்களா சார்?”

“பாக்கலாம்னு போனேன். வீடியோவே இல்லியேம்மா. காப்பிரைட்டுன்னு போட்டிருக்கு.”

இருக்காதா பின்னே? ஆட்டம் முழுக்க மைக் செட்காரர் சினிமாப் பாட்டைப் போட்டு அலறவிட்டார். பாட்டின் சொந்தக்காரர்கள் கேட்டதும் யூடியூப் வீடியோவைத் தூக்கிவிட்டது. அதற்கு முந்தின ஆட்டத்தின் வீடியோவில் பாதி நேரம் யாரோ ஒருவர் கேமரா முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு சுண்டல் தின்றார்.

“ரீல்ஸ் வெட்டி வெச்சிருக்கேன் சார், அனுப்பட்டுமா?”

“ரீல்ஸ் வேணாம்மா. ரீல்ஸ்ல எல்லாருமே சாம்பியன்தான். ஃபைனல லைவா பாக்குறேன், லிங்க் அனுப்புங்க. எங்கிட்ட ஒரே ஒரு எடம்தான் பாக்கி இருக்கு. ரெய்டரோ டிஃபெண்டரோ, கண்ணுக்கு நல்லா தெரிஞ்சா பேர எழுதிடுவேன். அன்னிக்கி ஆறு மணிக்கு லிஸ்ட் குடுத்தாவணும்.”

சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு இறுதிப் போட்டி. ஸ்ரீமதி பன்னிரண்டு மணிக்கே லேப்டாப், வயர், இரண்டு சிம் கார்டு சகிதம் போய் உட்கார்ந்துவிட்டாள். மைக் செட்காரரிடம் போய், இன்று ஒரு பாட்டு போட்டாலும் ஒயரைப் பிடுங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். கேமரா முன்னால் யாரும் நிற்காதபடி கயிறு கட்டினாள். மிச்சம் இருந்தது கேமராமேன் கொளஞ்சி.

கொளஞ்சி பதினாறு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுப்பவர். கடலூர் மாவட்டத்தில் அவர் கேமராவுக்குள் வராத மண்டபம் கிடையாது. நேரலைக்கு வேண்டிய பெட்டி அவரிடம் மட்டும்தான் இருந்தது. ஆளும் ரஃபியுதீனுக்கு வேண்டியவர்.

“கொளஞ்சி அண்ணே, நல்லா கேட்டுக்கங்க. ஒரே கேமராதான் இருக்கு. ஆட்டம் ஆரம்பிச்சா கேமரா கோட்டுக்குள்ளதான் இருக்கணும். வானமே இடிஞ்சி வுழுந்தாலும் திருப்பக் கூடாது.”

“ஆவட்டும் தங்கச்சி.”

“மைக்ல யார் பேரச் சொன்னாலும் திருப்பக் கூடாது.”

“என்னாம்மா நீ, சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி! பதினாறு வருஷமா எடுக்குறேன். எனக்குத் தெரியாதா?”

தெரியும் என்று அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய? வேறு கேமரா இல்லை.

ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கவில்லை. வரவேற்புரை முடிய நான்கரை ஆனது. ஆனால் தொடங்கிய பிறகு, அடடா, அப்படி ஒரு ஆட்டம்! குமராட்சி ஒரு பாயிண்ட் எடுத்தால் கம்மாபுரம் இரண்டு எடுத்தது. கம்மாபுரத்தின் இடது மூலையில் இருசம்மாள் என்று ஒரு பெண். குட்டையாக, தோள் அகலமாக, வாயே திறக்காமல் நின்றாள். ரெய்டுக்குப் போகிறவள் காலை ஒரு நொடி தாமதமாக எடுத்தால் போதும், கணுக்காலைப் பிடித்துவிடுவாள். கயல் அந்த மூலைப் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி ஆடினாள். முதல் பாதி முழுக்க அவள் எடுத்தது நான்கே பாயிண்ட்.

லேப்டாப்பில் ஸ்கோர் தட்டுவதும் கமெண்ட்டுகளைப் பார்ப்பதும் ஸ்ரீமதியின் வேலை. கமெண்ட் போடுகிற மகராசன்கள் சும்மா இருந்தார்களா? ‘ஸ்கோர் என்ன?’ என்று ஒருவர், ஸ்கோருக்கு நேர் கீழேயே. ‘துபாயிலிருந்து ஹாய்’ என்று ஒருவர். ‘சவுண்டு இல்லை’ என்று ஒருவர், ‘சவுண்டைக் குறை’ என்று அடுத்தவர். இந்தக் கூட்டத்துக்கு நடுவே எங்கோ சபாபதியும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். ஐந்து மணிக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ‘பார்க்கிறேன். படம் தெளிவாக உள்ளது. உங்கள் பெண் இன்னும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே.’

‘பாருங்கள் சார், செய்வாள்’ என்று பதில் போட்டாள்.

கடைசி இரண்டு நிமிஷம் இருக்கும்போது கம்மாபுரம் இருபத்தொன்பது, குமராட்சி இருபத்தேழு. கம்மாபுரத்தில் ஐந்து பேர் களத்தில் நின்றார்கள். கயல் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து மைதான வாசலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. கோப்பை தருகிறவர், மரவாடி ஓனர் செந்தமிழ்செல்வன், மூன்று மணிக்கு வரவேண்டியவர், அப்போதுதான் வந்து இறங்கினார். ரஃபியுதீன் மைக்கைப் பிடுங்கினார்.

“நமது அன்பான அழைப்பினை ஏற்று, பல்வேறு பணிகளுக்கு இடையிலும் வருகை தந்திருக்கும் கோப்பை வள்ளல், அண்ணன் செந்தமிழ்செல்வன் அவர்களை வருக வருக என வரவேற்று, அவருக்குப் பொன்னாடை அணிவித்து...”

ஸ்ரீமதியின் கண் களத்தில் இருந்தது. கயல் யாருமே எதிர்பார்க்காத வேலை ஒன்று செய்தாள். அத்தனை நேரம் ஒதுங்கிப்போன இடது மூலைக்கு நேராகவே போனாள். இருசம்மாள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். நடுவில் நின்றவள் இடுப்பைக் கட்டினாள், இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று ஸ்ரீமதி நினைத்தாள். ஆனால் அந்தக் குவியல் நகர்ந்தது. நான்கு பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கயல் முழங்காலால் ஊர்ந்து ஊர்ந்து வந்தாள். மூச்சு அடங்குவதற்குள் கையை நீட்டினாள், விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டது. பிடித்த நான்கு பேரும் அவுட் என்று நடுவர் நான்கு விரலைக் காட்டினார். மைதானமே எழுந்து கத்தியது.

“நாலு பாயிண்ட்! கயலு! அடி என் தங்கமே!” என்று ஸ்ரீமதி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தாள். குதித்த கையோடு லேப்டாப்பைப் பார்த்தாள்.

திரையில் செந்தமிழ்செல்வன் குனிந்து பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தார். கொளஞ்சி அவர் முகத்துக்கு அருகே இழுத்து, அப்படியே மெதுவாக இறக்கிப் பொன்னாடையின் ஜரிகையைக் காட்டி, மறுபடி முகத்துக்குப் போய்ச் சிரிப்பில் நிறுத்தியிருந்தார்.

“அண்ணே!” என்று ஸ்ரீமதி போட்ட சத்தத்தில் கொளஞ்சிக்குக் கேமரா ஆடிவிட்டது.

“என்னாம்மா?”

“எங்க திருப்பி வெச்சிருக்கீங்க? எங்க திருப்பி வெச்சிருக்கீங்கன்னு கேக்குறேன்!”

கொளஞ்சி கேமராவைப் பார்த்தார், களத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். அந்தக் கை எப்போது திரும்பியது என்று அவருக்கே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரியும் இல்லை.

“மைக்ல வருக வருகன்னாங்க தங்கச்சி... பொன்னாடைன்னாங்க... கை தானா போய்டுச்சி. மண்டபத்துல பொன்னாடைய வுட்டுட்டா பார்ட்டி சும்மா வுடுவானா?”

அடித்துவிடலாமா என்றுதான் அவளுக்கு வந்தது. அடித்தால் மட்டும் அந்த ரெய்டு திரும்பி வரவா போகிறது? ஸ்கோரைத் தட்டினாள். இருபத்தேழு முப்பத்தொன்று ஆனது. கம்மாபுரம் கடைசியில் ஒரு பாயிண்ட் எடுத்தது. முப்பத்தொன்றுக்கு முப்பது, கோப்பை குமராட்சிக்கு. பெண்கள் கயலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஸ்ரீமதிக்கு அதைப் பார்க்கக்கூட மனம் வரவில்லை.

கமெண்ட்டில் திட்டு மழை. ‘யோவ் கேமராமேன்’, ‘சால்வையா ஆடுது கபடி?’, ‘ரெய்டு எங்கடா?’ ரஃபியுதீன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ்! எண்ணூறு கமெண்ட்டா? அஞ்சே நிமிஷத்துலயா? பாத்தியாம்மா என்கேஜ்மென்ட்ட!”

“பாய், எல்லாம் நம்மளத் திட்டுறாங்க பாய்.”

“திட்டுனா என்னா? எழுதுறாங்க இல்ல?”

அதற்குள் அவள் போன் ஒலித்தது. சபாபதி எழுதியிருந்தார். ‘ஸ்கோர் மாறியது தெரிந்தது. ரெய்டு தெரியவில்லை. ரீப்ளே இருந்தால் போடுங்கள். பதினைந்து நிமிடம் காத்திருக்கிறேன்.’

ரீப்ளேவுக்கு எங்கே போவது? கூட்டத்தில் யாராவது போனில் எடுத்திருப்பார்களா என்று கயிற்றைத் தாண்டி ஓடி விசாரித்தாள். எடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போனில் முன்னால் நின்றவரின் தலை. இன்னொருவர் உற்சாகத்தில் தன்னையே படம் பிடித்திருந்தார், பின்னால் மைதானம் ஒரு கோடு மாதிரி தெரிந்தது. ஸ்ரீமதி திரும்பி வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொளஞ்சி குற்ற உணர்ச்சியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. மறுபடி எடுத்துடலாம்.”

“எத?”

“அந்த ரெய்டத்தான். தாலி கட்டும்போது சொந்தக்காரங்க குறுக்க வந்து மறைச்சிட்டா நாங்க என்னா பண்ணுவோம்? கும்பல் கலைஞ்சதும் மாப்பிள்ளையக் கூப்புட்டு, கைய கழுத்துக்கிட்ட வெச்சிக்க சொல்லி இன்னொரு தபா எடுப்போம். அட்சத கூட போட வெப்போம். ஆல்பத்துல பாத்தா யாருக்குத் தெரியுது? பொண்ணுங்க எல்லாம் இங்கதான் இருக்கு. அஞ்சு நிமிஷ வேல.”

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்கத்தான் ஸ்ரீமதி வாயைத் திறந்தாள். ஆனால் நடந்ததைத்தானே காட்டப்போகிறோம், நடக்காததையா காட்டுகிறோம் என்று உள்ளே ஒன்று கேட்டது. ரஃபியுதீன் அதற்குள் கையைத் தட்டிவிட்டார்.

“சூப்பர் ஐடியா கொளஞ்சி! நான் போய் கம்மாபுரம் புள்ளைங்ககிட்ட பேசுறேன். அவுங்களுக்கும் தனியா ஒரு ரீல் போட்டுடுவோம், இன்ஷா அல்லாஹ்.”

கயலிடம் ஸ்ரீமதியே போய்ச் சொன்னாள். முழங்கால் இரண்டும் தோல் வழன்று மண் ஒட்டியிருந்தது. கயல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் பாட்டிலை இறக்கினாள்.

“நடிக்கவா அண்ணி?”

“நடிப்பு இல்லடி. நீ ஆடுனதத்தான் மறுபடி ஆடுற.”

“ஆடுனத எப்டி அண்ணி மறுபடி ஆடுறது? எனக்குக் காலே நிக்கல.”

“ஒரே ஒரு தபா. அந்த சார் உக்காந்து காத்துக்கிட்டு இருக்காரு. எனக்காக வாடி.”

கயல் பாட்டிலை வைத்துவிட்டு எழுந்தாள். மறுபக்கம் ரஃபியுதீன் கம்மாபுரம் பெண்களுக்கு எந்தெந்த இடத்தில் எப்படி விழ வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். தோற்ற கடுப்பில் இருந்தாலும் மூன்று பேர் சிரித்துக்கொண்டு சரி என்றார்கள். இருசம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முழங்கால் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு இடது மூலையில் போய் நின்றாள்.

நேரலையில் அதுவரை போஸ்டரை ஓடவிட்டிருந்த ஸ்ரீமதி அதை எடுத்துவிட்டு ஒலியை நிறுத்தினாள். திரையின் மேல் மூலையில் ‘ரீப்ளே’ என்று தட்டினாள். தட்டும்போது கை கூசியது. கூசிக்கொண்டேதான் தட்டினாள். கொளஞ்சி இந்த முறை கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவே இல்லை.

கயல் உள்ளே போனாள். முன்பு மாதிரியே நேராக இடது மூலைக்குப் போனாள். இருசம்மாள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். மற்ற மூன்று பேரும் சொல்லிக்கொடுத்தபடி மேலே விழுந்தார்கள், பிடித்தும் பிடிக்காமலும். கயல் இழுத்தாள், நகரவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு முறை இழுத்தாள், அதற்கும் நகரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு நின்றது. இந்தத் தடவை நிஜமாகவே உதறினாள், புரண்டாள், கையை ஊன்றி எம்பினாள். அந்தக் கணுக்கால் மட்டும் இருசம்மாளின் இரண்டு கைக்குள் இறுகிப்போய் இருந்தது. கயலின் விரலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அந்த ஒரு முழம் குறையவே இல்லை. மூச்சு அடங்கி அவள் முகம் மண்ணில் கவிழ்ந்தது. கொளஞ்சி அதை அருகே இழுத்து, துல்லியமாக, ஒரு நொடி விடாமல் காட்டினார்.

“நிறுத்துங்க! அண்ணே, நிறுத்துங்க!” என்று ஸ்ரீமதி கத்தினாள். கத்தி என்ன பிரயோஜனம்? போனது போய்விட்டது. பரிசளிப்பைக் கவனிக்க வேண்டும் என்று ரஃபியுதீன் மேடைப் பக்கம் நழுவிவிட்டார்.

அவள் களத்துக்குள் ஓடி இருசம்மாள் முன்னால் போய் நின்றாள். “ஏம்மா, அவ்வளவு சொன்னாங்களே! கொஞ்சம் வுட்டுக் குடுத்தா என்னா கொறஞ்சி போய்டுவ? முடிஞ்ச ஆட்டம்தான?”

இருசம்மாள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். “கிட்ட வந்தா புடிப்பேன்க்கா. வுழறதுக்கு எனக்குத் தெரியாது. மொத தபா என்ன இழுத்துக்கிட்டு போனா, அது நெசம். இப்ப புடிச்சேன், இதுவும் நெசம்.”

ஸ்ரீமதியின் போன் அடித்தது. சபாபதி.

“என்னம்மா இது? ரீப்ளேன்னு போட்டிருக்கீங்க. அதுல அந்தப் பொண்ணு அவுட்டு. அப்ப அந்த நாலு பாயிண்ட் எங்கேர்ந்து வந்துச்சு?”

நிஜமாக நடந்ததையும் சேர்த்தல்லவா பொய்யாக்கி வைத்திருக்கிறாள்! கேமரா திரும்பியதையும், மறுபடி எடுத்ததையும், விழச் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பொன்னாடையைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

“சார், தப்பு என்னுது சார். அவ வேணாம்னுதான் சொன்னா. மொத ரெய்டு சத்தியமா நாலு பாயிண்ட் சார். நாலு பேர இழுத்துக்கிட்டு வந்தா. ரெஃப்ரிய வேணா கேளுங்க.”

மறுமுனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும்மா. நான் பாக்கலியே. பாத்ததத்தான எழுத முடியும்? அந்த லெஃப்ட் கார்னர் யாரு?”

“சார்?”

“வுழச் சொல்லியும் வுழாத பொண்ணு. மணி அஞ்சே முக்கால் ஆச்சு. அது பேரும் நம்பரும் அனுப்புங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். ஸ்ரீமதி திரும்பினால் பின்னாலேயே கயல் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

“ஏன் அண்ணி என்ன மறுபடி எறக்குனீங்க?” கயல் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் ஸ்ரீமதிக்குத் தேவலாம் போல இருந்தது. “நான் ஆடுனத ஆடிட்டேன். அத ஒருத்தரும் பாக்கலன்னா பாக்கலன்னே இருந்திருக்கும். தோத்த மாதிரி ஆயிருக்காது.”

“எல்லாம் உனக்காகத்தான் கயலு...”

“எனக்காகன்னு சொல்லாதீங்க அண்ணி. அழுவ வருது.”

மேடையில் ரஃபியுதீன் கோப்பை வள்ளலை இன்னொரு முறை வரவேற்றார். ஸ்ரீமதி போனைப் பார்த்தாள். நேரம் ஓடியது.

“அவ நம்பர் எங்கிட்ட இருக்கு” என்றாள் கயல். “மாவட்ட கேம்ப்ல ஒரே ரூம்தான். எழுதிக்கங்க.”

அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல ஸ்ரீமதி தட்டினாள். பெயரைத் தட்டினாள், இருசம்மாள், கம்மாபுரம். எண்ணில் எட்டு இலக்கம் சரியாகத்தான் போனது. ஒன்பதாவதுக்கு வரும்போது அவள் கட்டைவிரல் ஒரு கணம் நின்றது. ஆறு மணிக்கு லிஸ்ட். எண் தப்பாகிப்போனால் அந்த ஒரே இடத்துக்கு அவர் யாரைக் கூப்பிடுவார்? திரும்பக் கயலைத்தானே கூப்பிடுவார்? கயல் ஆறு என்றாள். ஸ்ரீமதியின் விரல் ஐந்தைத் தொட்டது.

கடைசி எண்ணையும் தட்டிவிட்டு அவள் நிமிரவில்லை. கயல் குனிந்து திரையைப் படித்தாள். படித்துவிட்டு அண்ணியின் முகத்தையும் ஒரு முறை பார்த்தாள்.

“அஞ்சு இல்ல அண்ணி, ஆறு” என்று சொல்லி, மண் ஒட்டிய கையால் போனை வாங்கி, எண்ணைத் திருத்தி, தானே அனுப்பினாள்.